ஈர்ப்புக்கு வவுச்சர் உண்டா?

எங்கள் சின்னசேலம் பக்கம் எதையும் எடை போடாமல் நம்ப மாட்டார்கள். குச்சிக் கிழங்கு லோடு ஏற்றிய ட்ராக்டர் சேகோ மில்லுக்குள் நுழைந்தால் முதல் மரியாதை வேபிரிட்ஜுக்கு. அப்புறம் கிழங்கில் கொஞ்சம் எடுத்து, தண்ணீருக்குள் முக்கி இன்னொரு எடை. வெளியே இருக்கும் எடைக்கும் தண்ணீருக்குள் இருக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று கண்டுபிடிப்பார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு ரேட். ஒரு பாயிண்ட் குறைந்தால் விவசாயியின் முகத்தில் இரண்டு பாயிண்ட் குறையும்! 'தராசு உங்க கையில, பாயிண்டும் உங்க கையில, எங்க கையில என்ன இருக்கு?' என்கிற சண்டை எல்லா சீஸனிலும் உண்டு.

சரி, எடை என்றால் என்ன? பூமி கிழங்கை இழுக்கிறது. அந்த இழுப்புக்குப் பெயர் ஈர்ப்பு. ஆப்பிள், நியூட்டன், 1687... எட்டாங் கிளாஸிலேயே படித்துவிட்டோம், முடிந்த விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

முடியவில்லை ஸார். கிழங்கை இழுக்கும் அந்த விசை அடிப்படையில் எந்த ஜாதி, குவாண்டமா, க்ளாஸிக்கலா என்று உலகத்தில் எந்த லேபும் இன்றுவரை டெஸ்ட் பண்ணிச் சொன்னதில்லை. மின்சாரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வெளிச்சத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அணுவின் வயிற்றுக்குள் இருக்கும் விசைகளுக்கும் சொல்லிவிட்டார்கள். தினமும் மண்டியில் காசாகிற இந்த ஒன்றுதான் பாக்கி.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆடிட்டிங் பேப்பரில் ஆரம்பப் பாடமே 'வவுச்சிங்'தான். முதலாளி எவ்வளவு நல்லவராக இருக்கட்டும், கணக்குப்பிள்ளை திருநீறு பூசியவராக இருக்கட்டும். புத்தகத்தில் ஒரு பற்று இருந்தால் அதற்கு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லையென்றால் அந்தத் தொகை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆடிட்டர் டிக் போட மாட்டார். அந்தக் கண்ணோடு பார்த்தால் 'ஈர்ப்பும் குவாண்டம்தான்' என்பது நூறு வருஷமாக வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும் என்ட்ரி. அந்த வவுச்சரை எப்படி எடுப்பது என்பதற்குச் சமீபத்தில்தான் உருப்படியான யோசனை வந்திருக்கிறது. அதில் கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் பங்கு உண்டு.

முதலில் இந்த குவாண்டம், க்ளாஸிக்கல் வம்பைத் தீர்த்துவிடுவோம்.

க்ளாஸிக்கல் என்றால் நம் பாட்டன் காலத்து நியாயம். மாடு தொழுவத்தில் இருக்கிறது, அல்லது வயலில் இருக்கிறது. இரண்டில் ஒன்று. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும். குவாண்டம் உலகத்தில் அப்படி இல்லை. ஓர் எலெக்ட்ரான் இங்கேயும் அங்கேயும் சேர்ந்தாற்போல் இருக்கும். இதை ஸூப்பர்பொஸிஷன் என்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஓர் இடத்தில் அகப்படும்.

காமர்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஞாபகம் வருகிறதா? எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அதில் போட்டு வைப்போம். ஆனால் அங்கே பணம் ஏதோ ஓர் இடத்தில் நிஜமாகவே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. குவாண்டத்தில் இயற்கையே என்ட்ரியை சஸ்பென்ஸில் போட்டு வைத்திருக்கிறது. 'உண்மையில் எங்கே?' என்ற கேள்விக்கே அங்கு பதில் கிடையாது. இது கற்பனை இல்லை. 2019-ல் வியன்னாவில் இரண்டாயிரம் அணுக்கள் சேர்ந்த பெரிய மாலிக்யூலையே ஒரே நேரத்தில் இரண்டு வழியில் போக வைத்துக் காட்டினார்கள்.

இனி வம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். எடை உள்ள எதுவும் இழுக்கும். கல்வராயன் மலை கூட இழுக்கிறது. மலையடிவாரத்தில் வீடு கட்டும் கொத்தனார் தூக்குக் குண்டு விட்டால், அது நூல் பிடித்தாற்போல் நேர் கீழே தொங்குவதில்லை; கண்ணுக்குத் தெரியாத ஓர் இம்மி மலைப் பக்கம் சாய்கிறது. (சுவர் கோணலானதற்கு இதைக் காரணம் காட்டும் கொத்தனாரை நம்பாதீர்கள்.) 1774-ல் ஸ்காட்லாந்தில் மாஸ்கெலின் என்பவர் ஒரு மலையருகே இந்தச் சாய்வை அளந்தே காட்டியிருக்கிறார்.

சரி, ஒரு பேச்சுக்கு கல்வராயன் மலை குவாண்டம் மலை என்று வைத்துக்கொள்வோம். சின்னசேலத்துக்கு வடக்கேயும் இருக்கிறது, தெற்கேயும் இருக்கிறது. ஒரே நேரத்தில்! தூக்குக் குண்டு எந்தப் பக்கம் சாயும்?

ஈர்ப்பு குவாண்டம் என்றால், குண்டும் சஸ்பென்ஸுக்குப் போய்விடும்: வடக்கேயும் சாயும், தெற்கேயும் சாயும். ஈர்ப்பு க்ளாஸிக்கல் என்றால், அது இரண்டு மனசாக இருக்க முடியாது. ஏதாவது ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். அல்லது இரண்டுக்கும் சராசரி போட்டு நடுவில் நிற்க வேண்டும். மொத்தச் சண்டையும் இவ்வளவுதான்!

* * *

1915-ல் ஈர்ப்புக்கு முழுக் கணக்கு எழுதிய ஐன்ஸ்டைனே அடுத்த வருஷம், 1916-ல், குவாண்டம் தத்துவம் என் ஈர்ப்புக் கணக்கையும் திருத்த வேண்டி வரும் என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்தார். திருத்தும் வேலையில் ஆழமாக இறங்கிய முதல் ஆள் மாட்வே ப்ரான்ஸ்டைன் என்ற ரஷ்யர். 1936-ல் அவர் எழுதிய பேப்பரில், ஈர்ப்பை குவாண்டம் ஆக்கப் போனால் மின்சாரத்துக்கு இல்லாத புதுச் சிக்கல் வருகிறது என்பதை அப்போதே கண்டுகொண்டார். மறு வருஷம் ஸ்டாலின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 31. அந்த ஆள் இருந்திருந்தால் கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

1957-ல் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் ஒரு மாநாடு. அங்கே ரிச்சர்ட் ஃபைன்மேன் எழுந்து, நான் மேலே சொன்ன மலைக் கதையை ஒரு சின்ன உருண்டையை வைத்துச் சொன்னார். உருண்டை இரண்டு இடத்தில் இருந்தால் அதன் ஈர்ப்பு என்ன செய்யும்? குவாண்டம் தத்துவத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லையென்றால் ஈர்ப்பையும் குவாண்டமாக்கித்தான் ஆக வேண்டும் என்று வாதாடினார். வாதம் அருமை. ஆனால் வாதம் வவுச்சர் ஆகாது.

1981-ல் டான் பேஜ், கெயில்கர் என்று இரண்டு அமெரிக்கர்கள் ஒரு டெஸ்ட் நிஜமாகவே பண்ணினார்கள். எனக்குப் பிடித்த டெஸ்ட் இது. ஏனென்றால் இதை ஒரு மத்தியான நேரத்தில் நாமே பண்ணிவிடலாம் போலிருக்கும். கதிரியக்கப் பொருள் ஒன்றை வைத்து அதன் துடிப்பை எண்ணினார்கள். அந்தத் துடிப்பு சுத்த குவாண்டம் சமாச்சாரம். எண்ணிக்கை இப்படி வந்தால் ஈயக் குண்டுகளை இந்தப் பக்கம் வை. அப்படி வந்தால் அந்தப் பக்கம் வை. பக்கத்தில் நுட்பமான தராசு. 'குவாண்டம்படி பார்த்தால் குண்டு இரண்டு பக்கமும் இருக்கும் உலகங்கள் உண்டே, தராசு சராசரி காட்டுகிறதா பார்ப்போம்' என்றார்கள். தராசு என்ன காட்டியது? குண்டு எங்கே இருந்ததோ அந்தப் பக்கத்தைக் காட்டியது. வேறென்ன செய்யும்!

சிரிக்காதீர்கள். சராசரிக் கணக்கின் ஒரு ரகத்தை அது நிஜமாகவே அடித்துவிட்டது. ஆனால் 'குண்டைத் தூக்கி வைக்கிற மனுஷன் கண்ணால் பார்த்தவுடனே சஸ்பென்ஸ் தீர்ந்து போச்சே, அப்புறம் என்ன டெஸ்ட்?' என்று எதிர்க்கட்சி கேட்டது. நியாயமான கேள்வி. குண்டு நிஜமாகவே இரண்டு இடத்தில் இருக்கும்போதே அதன் இழுப்பைப் பிடிக்க வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. ஈர்ப்பு அவ்வளவு சோப்ளாங்கி! கேட்டால் நம்ப மாட்டீர்கள். மொத்த பூமியும் சேர்ந்து ஒரு குண்டூசியை இழுக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தம் அதைத் தூக்கிவிடுகிறது. இரண்டு எலெக்ட்ரான்களுக்கு நடுவில் மின்சார விசையோடு ஒப்பிட்டால், ஈர்ப்பு 1-க்குப் பின்னால் 42 ஸைபர் போட்ட அளவுக்குச் சின்னது. சின்னப் பொருள் என்றால் குவாண்டம் ஆக இருக்கும், இழுக்காது. பெரிய பொருள் என்றால் இழுக்கும், குவாண்டம் ஆக இருக்காது. ஈர்ப்பின் 'சில்லறைக் காசு'க்கு கிராவிட்டான் என்று பெயர்கூட வைத்தாயிற்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பே. ஒற்றை கிராவிட்டானைப் பிடிக்கவே முடியாமல் போகலாம் என்று ஃப்ரீமேன் டைசன் போன்ற பெரிய மண்டை சொல்லியிருக்கிறார்.

'ஈர்ப்பு அலையைத்தான் கேட்டுட்டாங்களே ஸார், பேப்பர்ல வந்துதே' என்று யாராவது கேட்பீர்கள். 2015 செப்டம்பர் 14-ம் தேதி அமெரிக்காவின் லைகோ கருவிகள் கேட்டது உண்மை. நம் நாட்டிலும் மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஒரு லைகோ கட்ட 2023-ல் மத்திய அரசு 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. ஆனால் கடலூர் பீச்சில் அலை அடிப்பதைப் பார்த்து, தண்ணீர் மாலிக்யூல்களால் ஆனது என்று சொல்ல முடியுமா? அலை வேறு, அலையின் அடியில் இருக்கும் சில்லறை வேறு. லைகோ கேட்டதெல்லாம் ஐன்ஸ்டைனின் பழைய கணக்குக்கே சரியாகப் பொருந்துகிறது.

* * *

இப்போது பெங்களூர். நம்ம ஊரிலிருந்து சேலம் போய் ஓசூர் வழியாக ஒரு ராத்திரிப் பயணம். நகரத்துக்கு வடக்கே ஹெஸரகட்டா பக்கம் ஐ.ஸி.டி.எஸ். என்று டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு மையம் இருக்கிறது. 2016 கடைசியில் அங்கே குவாண்டம் இயற்பியலின் அடிப்படைப் பிரச்னைகளைப் பற்றி ஒரு கூட்டம். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் இருக்கும் ப்ரொபஸர் சௌகதோ போஸ் அங்கே ஒரு யோசனையைச் சொன்னார். (1924-ல் ஐன்ஸ்டைனுக்குத் தன் பேப்பரை அனுப்பிய சத்யேந்திரநாத் போஸ் வேறு, இவர் வேறு.) அனுபம் மஜும்தார் உள்ளிட்ட சகாக்களோடு சேர்ந்து இவர் எழுதிய பேப்பர் 2017 டிசம்பரில் வெளிவந்தது. அதே இதழில், அதே யோசனையோடு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கியாரா மார்லெட்டோ, வ்லாட்கோ வெட்ரல் இருவரின் பேப்பரும்!

யோசனை இதுதான். கிராவிட்டானைப் பிடிக்க வேண்டாம். மலையும் வேண்டாம். இரண்டு வைரத் துகள் போதும்.

ஒவ்வொரு துகளின் எடையும், ஒரு கிலோவை 100 லட்சம் கோடி பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம். கல்யாணப் பெண் மூக்குத்தியில் இருக்கும் வைரத்தைப் பொடித்தால் கிடைக்கும் தூசிக்கும் தூசி. ஏன் வைரம்? வைரத்தின் கார்பன் வரிசையில் ஒரு நைட்ரஜன் அணு அத்துமீறிக் குடியேறி, பக்கத்து வீடு காலியாகக் கிடந்தால், அந்த இடத்தில் ஒரு குட்டிக் காந்த ஊசி கிடைக்கிறது. ஊசி மேலே பார்த்தால் துகளைக் காந்தத்தால் ஒரு பக்கம் இழுக்கலாம், கீழே பார்த்தால் மறு பக்கம். ஊசியை மேலும் கீழுமாக ஸூப்பர்பொஸிஷனில் வைத்துவிட்டால்? துகளே இரண்டு பக்கமும் போகும்! கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் இருக்கும்.

இப்படி இரண்டு துகள்களைப் பக்கத்தில் பக்கத்தில், எதுவும் தொடாமல், சுமார் இரண்டரை விநாடி விட்டுவிட வேண்டும். காந்தம், மின்சாரம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்த ஒரே ஆள்தான் மிச்சம். ஈர்ப்பு.

அப்புறம் துகள்களைச் சேர்த்து, இரண்டு ஊசிகளையும் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் குருட்டாம்போக்கில் பதில் சொல்லும். ஆனால் இரண்டு பதில்களையும் சேர்த்து வைத்தால் டேலி ஆகிறதா? ஒன்றின் பற்று மற்றதன் வரவாக அமைந்து, இரண்டு லெட்ஜரையும் பிரிக்கவே முடியாதபடி பின்னிக்கொண்டிருக்கிறதா? இதைத்தான் என்டாங்கிள்மென்ட் என்கிறார்கள். பின்னல் என்று வைத்துக்கொள்வோமே.

இங்கேதான் அந்த யோசனையின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மண்டியில் வாங்குகிறவரும் விற்கிறவரும் முகம் பார்க்காமல் தரகர் மூலம் பேசுகிறார்கள். தரகர் க்ளாஸிக்கல் ஆள். 'நூறு' என்றால் நூறு, 'இல்லை' என்றால் இல்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் தகவல் கொண்டு போவார். அப்படிப்பட்ட தரகர் எத்தனை தடவை நடந்தாலும், இரண்டு சஸ்பென்ஸ் கணக்குகளைக் குவாண்டம் முறையில் பின்ன முடியாது. கணிதத்தில் இதை நிரூபித்திருக்கிறார்கள். தரகரே இரண்டு மனசு உள்ளவராக, அவரும் சஸ்பென்ஸில் நிற்கக்கூடியவராக இருந்தால்தான் பின்னல் விழும். ஆக, நடுவில் ஈர்ப்பு மட்டும் இருந்து, பின்னலும் விழுந்துவிட்டால், தரகரான ஈர்ப்பும் குவாண்டம். வவுச்சர் ரெடி!

இந்த நோஞ்சான் ஈர்ப்புக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு துகள்களும் மிக நெருங்கும் வழிகளுக்கு நடுவே 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் ஒன்றை ஒன்று இழுக்கும் விசை, தசமப் புள்ளிக்குப் பின் 30 ஸைபர் போட்டு அப்புறம் 17 எழுதினால் வருகிற நியூட்டன். சுத்தமாக ஒன்றுமில்லை! ஆனால் குவாண்டம் உலகத்தில் ஒவ்வொரு வழிக்கும் உள்ளே ஒரு கடிகார முள் சுற்றுகிறது. அந்த ஒன்றுமில்லாத விசை, இரண்டரை விநாடியில், நெருங்கிய வழிக்கான முள்ளைக் கிட்டத்தட்ட 45 டிகிரி திருப்பிவிடுகிறது. தள்ளி இருக்கும் வழிகளில் அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் பின்னல். ஏனிப்படி? வகுக்கும் எண்ணான ப்ளாங்க் மாறிலி அவ்வளவு சின்னது. ஸைபரை ஸைபரால் வகுத்தது போல, நோஞ்சானும் நோஞ்சானும் மோதி ஒரு கௌரவமான விடை வருகிறது. இதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேப்பரில் இவ்வளவு அழகு. லேபில்? அங்கே இனிமேல்தான் தலைவலி. அந்த இரண்டரை விநாடிக்குள் ஒரு காற்று மாலிக்யூல் மோதினாலும் போச்சு, சஸ்பென்ஸ் கலைந்துவிடும். துகளின் சூடே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆக, அபார வெற்றிடமும், ஆப்ஸல்யூட் ஸீரோவை ஒட்டிய குளிரும் வேண்டும். வியன்னாவில் இரண்டு வழியில் போன அந்த மாலிக்யூலைவிட இந்தத் துகள் கோடிக்கணக்கான மடங்கு கனம். இந்தப் பக்கம், எவ்வளவு சின்னப் பொருளின் ஈர்ப்பை அளந்திருக்கிறோம் என்று பார்த்தால், 2021-ல் அதே வியன்னாவில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க மணி ஒன்று இன்னொரு மணியை இழுப்பதை அளந்தார்கள். மணியின் எடை 90 மில்லிகிராம். நகைக்கடையில் இதற்கு பில்லே போட மாட்டான். ஊர் சந்தடியின் அதிர்வு கெடுத்துவிடும் என்று கிறிஸ்துமஸ் விடுமுறை அமைதியில் அளவெடுத்தார்கள். அந்த மணிக்கும் நம் வைரத் தூசிக்கும் நடுவே இன்னும் கோடிக்கணக்கான மடங்கு தூரம்.

இத்தனை பொறுமை இந்தியாவுக்குப் புதுசில்லை. 1980-களின் கடைசியில் 'ஈர்ப்போடு சேர்ந்து ஐந்தாவது விசை ஒன்று இருக்கிறது' என்று உலகமே பரபரத்தபோது, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ராம்நாத் கௌசிக், உன்னிகிருஷ்ணன் முதலானவர்கள் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் பூமிக்கு அடியில் இறங்கி, நூலில் தொங்கும் தராசை வைத்து அளந்து பார்த்தார்கள். அப்படி ஒரு விசைக்கு அடையாளமே இல்லை என்று சொன்னார்கள். 'இல்லை' என்று ஆதாரத்தோடு சொல்வதும் வவுச்சர்தான்.

* * *

2024 அக்டோபரில் போஸ் கோஷ்டி இன்னொரு வழி சொன்னது. இதில் தேபர்ஷி தாஸும், கல்கத்தா போஸ் இன்ஸ்டிட்யூட்டின் தீபங்கர் ஹோமும் உண்டு. பின்னல் எல்லாம் வேண்டாம். ஈர்ப்பை ஓர் ஆடிட்டர் மாதிரி எட்டிப் பார்த்தாலே போதும் என்கிறது இந்த பேப்பர். க்ளாஸிக்கல் கணக்கில் ஆடிட்டர் பார்த்தால் புத்தகம் மாறாது. குவாண்டத்தில், பார்ப்பதே கணக்கைக் கலைக்கும். எனவே இரண்டு இடத்தில் இருக்கும் ஒரு பொருளின் ஈர்ப்பை மட்டும் பக்கத்திலிருந்து இன்னொரு துகள் அளக்கட்டும். அந்த அளவெடுப்பே முதல் பொருளைக் கலைத்துவிட்டால், ஈர்ப்பும் குவாண்டம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று அர்த்தம். இதற்கும் லேப் வேலை சாமானியம் இல்லை.

எதிர்க்கட்சித் தலைவரை இன்னும் அறிமுகப்படுத்தவில்லையே! ஜொனாதன் ஓபன்ஹைம். சௌகதோ போஸ் இருக்கும் அதே லண்டன் காலேஜ்தான். 2023 டிசம்பரில் இவர் சொன்னது: ஈர்ப்பு க்ளாஸிக்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் குவாண்டம் பொருளோடு குடித்தனம் நடத்த வேண்டுமானால் ஒரு நிபந்தனை, ஈர்ப்பு லேசாக, குருட்டாம்போக்கில் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ குண்டை எடுத்து மிக மிக நுட்பமாகத் திரும்பத் திரும்ப எடை போட்டால் எடை முன்னே பின்னே ஆட வேண்டும். நடுக்கம் குறைவு என்று சொன்னால், ஸூப்பர்பொஸிஷன் சீக்கிரம் கலைந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் தப்பிக்க முடியாது. தன் தத்துவத்தைத் தோற்கடிக்கும் வழியைத் தானே எழுதிக் கொடுக்கிற மனுஷனை எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

இதை எங்கள் ஊர் வேபிரிட்ஜ் அண்ணனிடம் சொன்னேன். முப்பது வருஷமாக லோடு பார்க்கிறவர்.

"ஏம்ப்பா, ஒரே வண்டிய ரெண்டு வாட்டி ஏத்துனா பத்து கிலோ முன்னபின்ன காட்டுது. அதுவும் இதுதானா?"

"இல்லண்ணே, அது டயர்ல ஒட்டுன சேறு, காத்து, டிரைவர் எறங்குனாரா இல்லையா... இந்த மாதிரி. இவங்க சொல்ற ஆட்டம் நம்ம மிஷினுக்குத் தெரியாது."

"அப்ப ரைட்டு. இல்லேன்னா நாளைக்கே 'ஈர்ப்பு நடுங்கிருச்சு'ன்னு சொல்லி பாயிண்டைக் கொறைச்சுப்புடுவானுங்க."

அண்ணனுக்கு இன்னொரு தகவலும் சொன்னேன். 1889-லிருந்து ஒரு கிலோ என்பது பாரிஸ் பக்கம் வைத்திருந்த ஒரு பிளாட்டினம் கலந்த குண்டு. அதன் 57-ம் நம்பர் நகல் டெல்லியில் நேஷனல் பிஸிக்கல் லேபரட்டரியில் இருக்கிறது. 2019 மே 20-ம் தேதியிலிருந்து கிலோவுக்கு அந்தக் குண்டு ஆதாரம் இல்லை; ப்ளாங்க் மாறிலிதான் ஆதாரம். அதாவது குவாண்டம் கணக்கின் மூல எண். முத்திரை அடித்த நம் எடைக்கல்லுக்குள் குவாண்டம் ஏற்கெனவே புகுந்துவிட்டது. அந்தக் கல்லைக் கீழே இழுக்கும் விசை குவாண்டமா என்பதுதான் தெரியவில்லை!

இந்தச் சண்டையில் யார் தோற்றாலும் இழப்பு சின்னதில்லை. ஈர்ப்பு க்ளாஸிக்கல் என்று முடிந்தால், அரை நூற்றாண்டாக எத்தனையோ மூளைகள் ஆயுளைக் கொடுத்து வளர்த்த தத்துவங்களைப் பரணில் போட வேண்டி வரும். குவாண்டம் என்று முடிந்தால், இடமும் காலமுமே இரண்டு மனசாக நிற்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். டெஸ்டில் பின்னல் விழவில்லை என்றால் மட்டும் உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், கம்பெனி மோசடியா, குமாஸ்தா கூட்டலில் விட்டாரா என்று பார்க்க வேண்டாமா? கருவியின் இரைச்சல்கூட பின்னலை அறுத்திருக்கலாம்.

பின்னல் விழுந்தாலும் வழக்கு முடியாது போலிருக்கிறது. 2025 அக்டோபரில் ஜோஸஃப் அஸீஸ், ரிச்சர்ட் ஹௌல் என்ற இருவர் 'நேச்சர்' இதழில், துகள்களையே முழு குவாண்டம் முறையில் நடத்தினால், ஈர்ப்பு க்ளாஸிக்கலாக இருந்தும் ஒரு சின்னப் பின்னல் விழ வழி இருக்கிறது என்று எழுதினார்கள். உடனே மறுப்பும் கிளம்பியது. அவர்கள் சொல்கிற பின்னல் வேறு அளவில்தான் வளரும் என்பதால், விழுந்ததா என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவு விழுந்தது என்றும் அளக்க வேண்டும். வவுச்சர் இருந்தால் போதாது, தொகையும் சரியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆடிட்டர் மனசுக்கு இது ரொம்பத் திருப்தி.

பணம்? 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அது கம்ப்யூட்டர், தகவல் தொடர்பு, ஸென்ஸர் இந்த மாதிரி காரியங்களுக்கு. தகவல் தொடர்புக்கு நம்ம சென்னை ஐ.ஐ.டி., ஸென்ஸருக்கு பம்பாய் ஐ.ஐ.டி. ஈர்ப்பு டெஸ்டுக்கு என்று அதில் தனித் தலைப்பு கிடையாது. ஆனால் வைரத்துக்குள் இருக்கும் அந்தக் காந்த ஊசியைத்தான் ஸென்ஸர்காரர்களும் வளர்க்கிறார்கள். வேறு தலைப்பில் வந்த பணம் இந்தக் கணக்குக்கும் பால் வார்க்கும். கணக்கில் இதெல்லாம் சகஜம்.

ஓபன்ஹைம் சும்மா இருக்கவில்லை. கார்லோ ரொவெல்லி, ஜெஃப் பெனிங்டன் என்ற இரண்டு குவாண்டம் கட்சிக்காரர்களோடு 2020-லேயே பந்தயம் கட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஈர்ப்பு குவாண்டம் என்று நிரூபணமானால் அவர் ஒன்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் 5,000 கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஐயாயிரம்! எதிர்த் தரப்புக்கு அவ்வளவு தைரியம்.  பந்தயத்துக்குக் கெடு போட்டால்கூட, வைரத் துகளைச் சும்மா இரண்டரை விநாடி இரண்டு இடத்தில் வைக்கத் தெரிந்த லேப் ஒன்று முதலில் வர வேண்டும் என்று கெடுவை நீட்டிக்கொண்டே போவார்கள், எங்கள் மண்டியில் பாக்கிக்காரர்கள் தை பிறக்கட்டும் என்று சொல்வது போல.